இரண்டு மானிட்டர், ஒரே கடல்: ஜோடி வால்பேப்பர் மாற உதவி தேவை

வணக்கம். என்னிடம் விண்டோஸ் 11. இடப்பக்கம் 27 அங்குல மானிட்டர் (2560×1440), வலப்பக்கம் பழைய 24 அங்குலம் (1920×1080). ஒரே கடல் படம் இரண்டிலும் தொடர்ந்து ஓட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதலில் 4480×1440 அளவில் வெட்டி ‘ஸ்பேன்’ (ஒரே படத்தை எல்லா மானிட்டரிலும் சேர்த்துப் பரப்பும் வால்பேப்பர் தேர்வு) கொடுத்தேன். தொடுவானம் நடுவில் படிக்கட்டு மாதிரி இறங்கியது. டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டர் கட்டங்களை மேலும் கீழும் நகர்த்தியதில் கோடு சேர்ந்துவிட்டது. ஆனால் நடுவில் நிற்கும் படகு? முன்பாதி ஒரு அளவு, பின்பாதி கொஞ்சம் ஊதிப்போய். பெரியதில் அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல், சின்னதில் 92, அதுதான் வினை.

சரி என்று படத்தையே இரண்டாக வெட்டினேன். வலப்பக்கத் துண்டில் 1280 பிக்சல் உயரம் எடுத்து 1080 ஆகச் சுருக்கி, வலது கிளிக் செய்து ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக வைத்தேன். அருமை!

இப்போது சிக்கல்: இப்படிப் பத்து ஜோடி செய்துவிட்டேன். ஸ்லைடுஷோ போட்டால் ஜோடி பிரிந்து, இங்கே கடல், அங்கே காடு. ஜோடி மாறாமல் தினம் ஒன்றாக வர என்ன வழி? இலவச மென்பொருளோ சின்ன ஸ்கிரிப்டோ, எதுவானாலும் சரி. அப்புறம், மானிட்டர் விளிம்பின் தடிமனுக்கு நடுவில் எவ்வளவு விட்டு வெட்டுகிறீர்கள்?