வயிற்று வலியில் இளைத்துப் போன குதிரையைத் தேற்றிய அனுபவங்கள்

காங்கேயம் பக்கத்திலிருந்து

சித்திரை வெயிலில் எங்கள் செவலைக்கு வயிறு அடைத்துக்கொண்டது. ஏழு வயது பெட்டை, மட்டக்குதிரை. பசும்புல் தீர்ந்துபோய் இரண்டு வாரமாக வெறும் வைக்கோலைத்தான் போட்டிருந்தேன். தொட்டித் தண்ணீரும் மத்தியானத்தில் சுடும், அது குடிப்பதையே குறைத்துவிட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. முன்காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தது, படுத்துப் புரண்டது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தண்ணீரும் குடலை இளக்குகிற லிக்விட் பாரஃபின் எண்ணெயும் இறக்கினார். விடியற்காலையில் நாலு உருண்டை லத்தி போட்டது. கையில் எடுத்துப் பிட்டுப் பார்த்தேன். உள்ளே வைக்கோல் அப்படியே நீள நீளமாக, மெல்லப்படாமல் கிடந்தது.

பத்து நாளில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை வாயைத் திறந்து பார்த்தார்கள். கடைவாய்ப் பல் ஓரங்கள் கத்தி மாதிரி வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தன. அரம் போட்டு மழுக்கிவிட்டார்கள். தீவனத்தைப் பாதி மென்று உருண்டையாகக் கீழே துப்புகிறது என்றால் முதலில் பல்லைப் பாருங்கள், தீவனத்தை மாற்றுவதெல்லாம் அப்புறம்.

பிழைத்தது, ஆனால் விலா எலும்பை எண்ணலாம், இடுப்பு எலும்பு இரண்டும் கொம்பு மாதிரி நின்றன. நெஞ்சுச் சுற்றளவு 142 செ.மீ., தோள் முனையிலிருந்து பின்புட்டம் வரை நீளம் 128 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். 217 வந்தது. எடை மேடை இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “கொள்ளு வேகவைத்துப் போடப்பா, பத்து நாளில் தேறிடும்.” நானும் அரை மூட்டை வாங்கி வைத்துவிட்டேன். மருத்துவர்தான் தடுத்தார். பட்டினி கிடந்த உடம்புக்குள் தானியத்தின் மாவுச்சத்து திடீரென்று இறங்கினால் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் இருக்கிற பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்பட்டு இதயமே நின்றுபோகலாம். அப்படித் தப்பித்தாலும், செரிக்காத மாவு பெருங்குடலில் புளித்து மறுபடி வலியைக் கொண்டுவரும், குளம்பு நோயையும் இழுத்துவிடும். “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று நம் ஊர்ப் பழமொழியே இருக்கிறதே, அதை எப்படி மறந்தேன் என்று அன்று தோன்றியது.

கொடுத்தது குதிரை மசால், லூசர்ன் என்பார்களே, அந்தத் தீவனப் பயிர். மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம். பட்டினியில் வாடிய குதிரைகளை வைத்து அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்த ஆய்வுகளிலும் இதுதான் நன்றாகத் தேற்றியது என்று மருத்துவர் சொன்னார். எங்கள் பக்கம் இறவைத் தோட்டம் வைத்திருக்கிறவர்களிடம் கிடைக்கும். பச்சையாக அள்ளிப் போடாமல் நிழலில் உலர்த்தி, முதல் மூன்று நாள் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 300 கிராம் வீதம் கொடுத்தேன், ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து. அந்தக் கொஞ்சம் மசாலைச் சீக்கிரமே தின்றுவிட்டு என் முழங்கையை முட்டும். மேலே போட முடியாமல் நிற்பதுதான் இருக்கிற வேலையிலேயே கஷ்டமானது. நாலாம் நாளிலிருந்து அளவைக் கூட்டி, வேளையைக் குறைத்து, பத்தாம் நாளுக்கு மேல் வயிறாரத் தின்ன விட்டேன். உடல் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது உலர்ந்த கணக்கில் நாலு கிலோவுக்கு மேல். பாதி மசால், பாதி கொழுக்கட்டைப் புல். எதை மாற்றினாலும் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். குடலில் இருக்கிற நுண்ணுயிர்களுக்கும் பழக நேரம் வேண்டும்.

நீங்கள் எல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். எண்ணெய் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னைக் கடற்கரையிலிருந்து

அண்ணா, எண்ணெய் தாராளமாகச் சேர்க்கலாம். அவசரப்படாதீர்கள். நான் 20 மில்லியில் ஆரம்பித்து மூன்று வாரத்தில் 150 மில்லிக்கு வந்தேன். லத்தி இளகினால் ஒரு படி பின்வாங்குங்கள். கூடவே வைட்டமின் ஈ கொடுக்கச் சொன்னார்கள். மாவு இல்லாமல் சக்தி கிடைக்கிறது, குதிரையும் துள்ளாமல் அமைதியாக இருக்கிறது.

எங்கள் குதிரைக்கு வந்தது வேறு. அது மணல். சவாரிக்கு நடுவே புல்லை மணலிலேயே கொட்டிப் போடுவோம். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சிட்டிகை மணல் உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அடிக்கடி லேசான வலி, அப்புறம் கழிச்சல், எவ்வளவு போட்டாலும் உடம்பு ஏறவில்லை. தீவனம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போட்டேன். ஒரு நாள் மருத்துவர் ஐந்தாறு லத்தி உருண்டைகளைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மூலையைக் கீழே பார்க்கத் தொங்கவிட்டார். கால் மணி நேரத்தில் மூலையில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் படிந்தது. என் கையாலேயே அதைத் தடவிப் பார்த்தேன். கடற்கரை மணல்தான், சந்தேகமே இல்லை. அத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டுதான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடந்திருக்கிறது.

ஒரு மாதம் சவாரியை நிறுத்தினேன். வருமானம் போனது, அதற்கு என்ன செய்வது. மணலை வெளியேற்ற இசப்கோல் உமி கொடுத்தோம், தீவனத்தை உயரமான ரப்பர் தொட்டியில் மட்டும் போட்டோம். மாதாமாதம் அந்தப் பைச் சோதனையை நானே செய்கிறேன்.

இன்னொன்று. லத்தியை ஆய்வகத்தில் கொடுத்துப் புழு முட்டை எண்ணிப் பாருங்கள். உடம்பு ஏறாததற்குப் பல நேரம் அதுவும் காரணம். புழு மருந்தையும் மருத்துவர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும், இளைத்த குதிரைக்கு உத்தேசமாக ஊற்றக் கூடாது.

ஊட்டியிலிருந்து

தவிட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இளைத்த குதிரைக்குச் சூடாகத் தவிட்டுக் கஞ்சி என்று எங்கள் பக்கம் தலைமுறையாகக் கொடுப்பார்கள். ஆனால் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் ரொம்பக் குறைவு. மலையில் மேய்கிற கிக்கியு புல்லில் ஆக்சலேட் வேறு இருக்கிறது, அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், முகத்து எலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். என் குதிரைக்கு வீங்கியது. காங்கேயம் அண்ணா, உங்கள் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு, மசால் கலந்து கொடுப்பது நல்லதாகப் போயிற்று. அதில் கால்சியம் நிறைய. நேப்பியர் புல்லை மட்டும் நம்பி இருக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதுவும் வேண்டாம். அவற்றில் சேர்க்கிற மோனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் கொஞ்சமே குதிரையைக் கொன்றுவிடும்.

மறுபடி காங்கேயத்திலிருந்து

சென்னைத் தம்பிக்கு நன்றி. நல்லெண்ணெய்தான் சேர்த்தேன், 20 மில்லியில் தொடங்கி. முதலில் மூக்கைச் சுளித்தது, மசால் தூளில் பிசைந்ததும் தின்றது. எங்கள் மண் செம்மண் சரளைதான், இருந்தாலும் பைச் சோதனையும் செய்து பார்த்தேன். மணல் இல்லை.

தொட்டியைக் கொட்டகை நிழலுக்கு மாற்றிவிட்டேன். மத்தியானம் ஒரு தடவை கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறேன், ஒரு பிடி உப்புக்கல்லைத் தனியாக வைக்கிறேன், தானாக வந்து நக்கிக்கொள்ளும். ராத்திரி படுக்கப் போகும் முன் இரண்டு பக்க விலாவுக்குப் பின்னாலும் காதை வைத்துக் கேட்பேன். தூரத்தில் இடி உருள்கிற மாதிரிக் குடல் சத்தம் கேட்டால்தான் விளக்கை அணைப்பேன்.

இப்போது புரட்டாசி. நேற்று சுற்றளவு 153 காட்டியது, கணக்குப் போட்டால் 252 கிலோ. ஐந்து மாதத்தில் 35 கிலோ. முதுகு நிரம்பிவிட்டது, பின்விலா இரண்டு மட்டும் இன்னும் தெரிகிறது. வாங்கிய கொள்ளு மூட்டையில் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டது போக மீதி இருந்ததை, ஊறவைத்து வேகவைத்து, போன வாரம்தான் ஒரு கைப்பிடி போட ஆரம்பித்தேன். ஐப்பசி மழை முடியட்டும், அப்புறம்தான் சேணம் வைக்கலாம் என்று இருக்கிறேன்.