புல்லும் மரமும் விட்ட அந்தத் துண்டுக்கு என்ன பெயர்?

வணக்கம். நடைபாதைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே புல்லும் மரமுமாக நீளமாக விட்டிருப்பார்களே, அந்தத் துண்டைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த சொற்களில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘சாலை விளிம்பு’ என்றால் நடைபாதையே இல்லாத மண் ஓரமும் அதில் அடங்கிவிடும். ‘பசுமைப் பட்டை’ அரசாணை வாசிப்பதுபோல் இருக்கிறது.

ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரே பெயர் கிடையாது. பிரிட்டனில் வெர்ஜ், நியூசிலாந்தில் பெர்ம், ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் நேச்சர் ஸ்ட்ரிப். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாறும்: சிகாகோவில் பார்க்வே, மினசோட்டாவில் பூல்வார்ட், கிளீவ்லாந்தில் ட்ரீ லான். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் அக்ரனில் அதே புல்தரை டெவில் ஸ்ட்ரிப் ஆகிவிடுகிறது!

இந்தச் சொல்லால் ஓர் ஆள் மாட்டியே போனான். பணம் கேட்டு வந்த ஆள்கடத்தல் சீட்டில், டெவில் ஸ்ட்ரிப்பில் உள்ள குப்பைத்தொட்டியில் போடு என்றிருந்தது. எழுத்துப்பிழைகள் வேண்டுமென்றே செய்தவை என்று கண்டுகொண்ட மொழியியலாளர் ரோஜர் ஷை, சந்தேகப் பட்டியலில் அக்ரன்காரர், அதுவும் படித்தவர், யாராவது உண்டா என்று கேட்டார். ஒருவர் இருந்தார்.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். நிலம் பொதுவழியைச் சேர்ந்தது, புல் வெட்டுவது மட்டும் பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில். அந்தக் கணக்கில் ‘புறம்போக்கு’ கச்சிதம்தான்; ஆனால் அது வசவாகிவிட்டதே. என் பரிந்துரை ‘ஓரப்பாத்தி’. கீரைப்பாத்திக்கு நாலு பக்கமும் மண் அணைத்திருப்போம். இதற்கு ஒரு பக்கம் சாலையின் கரைக்கல், மறுபக்கம் நடைபாதைச் சிமெண்ட். ‘வரப்பு’ என்ற யோசனையும் நல்லதுதான், ஆனால் வரப்பு நடப்பதற்கு, பாத்தி நடுவதற்கு. “ஓரப்பாத்தியில வண்டி நிறுத்தாதே” என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை.

அந்தக் கடத்தல் கதையைத் தமிழில் எழுதும்போது மட்டும் டெவில் ஸ்ட்ரிப்பை அப்படியே விட்டுவிட வேண்டும். ஓரப்பாத்தி என்று எழுதினால் துப்பே போய்விடும்.

அப்புறம், சாலையின் நடுவே இருப்பதற்கு ‘நடுப்பாத்தி’ சரிவருமா? நியூ ஆர்லியன்ஸில் அதை நியூட்ரல் கிரவுண்ட் என்கிறார்கள். செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் அதன்மேல் டிராமே ஓடுகிறது. பாத்தியில் டிராம் ஓடுவதுதான் எனக்கு இடிக்கிறது.