பிளாஸ்டிங் ஹெல்மெட்ல வாடையே இல்லாத காற்று, ஆனாலும் ஆளுக்குத் தலைவலி: எங்கே பார்க்கணும்?

துவாக்குடி சூப்பர்வைசர்:

வணக்கம். திருச்சி துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல பிளாஸ்டிங், பெயிண்டிங் ரெண்டும் என் பொறுப்பு. பிளாஸ்டிங்னா பெயிண்டுக்கு முன்னாடி இரும்புல இருக்கிற துருவை எடுக்க, காற்றழுத்தத்துல காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கின கசடு) துகளை அடிக்கிறது. அதை அடிக்கிற பிளாஸ்டர் ரெண்டு பேருக்கும் ஏர் லைன் ஹெல்மெட் உண்டு, மூச்சுவிடுற காற்று ஹோஸ் வழியா உள்ளே வரும். காற்று ஆலையோட ஸ்க்ரூ கம்ப்ரஸர்ல இருந்துதான் வருது, ஆயில் ஊத்துற டைப். ஹெல்மெட் லைனுக்குன்னு தனியா ஃபில்டர் பேனல், அதுல கடைசியா ஒரு கரி கார்ட்ரிட்ஜ்.

சீனியர் பிளாஸ்டருக்குச் சில நாள் மதியத்துக்கு மேல தலைவலி, கூடவே குமட்டல். எல்லா நாளும் இல்லை. முதல்ல ஹெல்மெட்டுக்குள்ள கருகின வாடை வருதுன்னு சொன்னார். கரி கார்ட்ரிட்ஜை மாத்தினோம். வாடை சுத்தமா நின்னுடுச்சு, தலைவலி நிக்கலை. ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடுதாம். மேனேஜர் வெயில்னு சொல்லி மோர் கொடுக்கச் சொல்றார். முதலுதவிப் பெட்டியில இருக்கிற ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டிப் பார்த்தா 98 காட்டுது.

இன்னொன்னு: ரெண்டாவது ஆள் ஹெல்மெட்ல காற்று பத்தலைங்கிறார். கம்ப்ரஸர் கேஜ்ல 7 பார் அசையாம நிக்குது. ஹோஸ் எட்டலைன்னு ஒரு துண்டு வெல்டிங் ஹோஸ் சேர்த்திருக்கோம். அதனாலயா இருக்கும்?

ஸ்க்ரூ மெக்கானிக்:

முதல்ல அந்த ஹெல்மெட் லைனை மூடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம். நீங்க சொல்றது அப்படியே கார்பன் மோனாக்சைடு மாதிரி இருக்கு.

ஓசூர் ஹெல்பர்:

அண்ணே, காற்று சரியில்லைன்னா வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து கொஞ்சம் சேர்த்து விட்டா என்ன? ஆளுக்குத் தெம்பாவும் இருக்கும்ல?

ஜூரோங் ரிட்டர்ன்:

தம்பி, அதை யார்கிட்டயும் சொல்லிக்கூடக் கொடுத்துடாதீங்க. ஆயில் கம்ப்ரஸர் காற்று ஓடின ஹோஸ்ல, ஃபில்டர்ல எண்ணெய்ப் படலம் இருக்கும். அதுல அழுத்தத்தோட ஆக்சிஜன் பட்டா தானாவே தீப்பிடிக்கலாம். ஹெல்மெட்டுக்குள்ள ஆக்சிஜன் கூடினா துணியும் முடியும் ஒரு பொறியில எரியும். பிளாஸ்டிங்ல பொறிக்கு என்ன பஞ்சம்? சுவாசக் காற்றுல ஆக்சிஜன் 19.5-ல இருந்து 23.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும். குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

ஸ்க்ரூ மெக்கானிக்:

இப்ப விவரமா. வாடை போனதும் காற்று சுத்தமாயிடுச்சுன்னு நினைக்கிறீங்க. கரி பிடிக்கிறது வாடையையும் எண்ணெய் ஆவியையும்தான். கார்பன் மோனாக்சைடு அதுல நிக்காம நேரா போயிடும். அதுக்குன்னு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. முன்னாடி புகையும் விஷமும் சேர்ந்து வந்ததால உங்க ஆளுக்குத் தெரிஞ்சது. இப்ப புகை நின்னுடுச்சு, விஷம் மட்டும் சத்தமில்லாம வருது. கார்ட்ரிட்ஜ் மாத்தினதுல கிடைச்ச பலன் எச்சரிக்கையும் போனதுதான்.

இதை நிறுத்தணும்னா பேனல்ல ஹாப்கலைட் படுகை வேணும். மாங்கனீசு டையாக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்தது, மோனாக்சைடை டையாக்சைடா மாத்திடும். ஆனா ஈரம் பட்டா அது வேலை செய்யாது, அதனால அதுக்கு முன்னாடி டிரையர் போட்டே ஆகணும். திருச்சி மழைக்காலத்துல டிரையர் இல்லாம அதை மாட்டினா காசுதான் வீண்.

மோனாக்சைடு வர ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கம்ப்ரஸருக்குள்ளேயே எண்ணெய் கருகுறது. கூலர் அடைஞ்சு, ஆயில் பழசாகி டெம்பரேச்சர் ஏறினா அப்படி ஆகும். டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுது, சூடு ஏறினா தானா நிறுத்துற ஹை டெம்பரேச்சர் ட்ரிப் வேலை செய்யுதான்னு பாருங்க. யாராவது அதை பைபாஸ் பண்ணியிருப்பாங்க. நான் போற இடத்துல பாதியில அப்படித்தான் இருக்கு.

ரெண்டாவது, உறிஞ்சுற காற்றே கெட்டுப்போனது. கம்ப்ரஸர் வாய் எங்கே இருக்கு? பக்கத்துல லாரி நிக்குமா? ஃபோர்க்லிஃப்ட்? டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்)? சில நாள் மட்டும் வலின்னு சொன்னதால எனக்கு இதுமேலதான் சந்தேகம். எண்ணெய் கருகுறதா இருந்தா பெரும்பாலும் தினமும் வலிச்சிருக்கும்.

ஆலை டாக்டர்:

ஆக்சிமீட்டரின் 98-ஐ நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் மோனாக்சைடு ஏறியதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஆக்சிஜன் என்றே கணக்கு வைக்கும். ஆள் மயங்கிக் கிடந்தாலும் அது 98 காட்டலாம்.

இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின், அளவைக் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். வெளிக்காற்றில் அது பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் போதும். காலையில் சரியாகிவிடுவது அதனால்தான். மறுநாள் இரத்தம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. வலி இருக்கும்போதே, ஹெல்மெட்டைக் கழற்றியவுடன் எடுக்கவேண்டும். வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள், நெஞ்சுவலி உண்டா என்றும் கேளுங்கள். இதயநோய் இருப்பவருக்குக் குறைந்த அளவு மோனாக்சைடுகூட ஆபத்தாகிவிடும். இனி யாருக்காவது தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் மோர் கொடுத்து உட்கார வைக்காமல் ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே போனதும் மோனாக்சைடு சந்தேகம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

துவாக்குடி சூப்பர்வைசர்:

லைனை மூடிட்டேன். டிஜி செட் கம்ப்ரஸர் ஷெட்டுலேயேதான் இருக்கு சார், நடுவுல சுவர்கூட இல்லை. புகைக்குழாய் மட்டும் கூரைக்கு மேல போகுது. கரண்ட் போற நாள்லதான் தலைவலியான்னு யாரும் பார்க்கலை. கேட்டுட்டு வரேன்.

ஸ்க்ரூ மெக்கானிக்:

ஒரு மோனாக்சைடு மீட்டர் கடன் வாங்குங்க. கம்ப்ரஸர் பக்கத்துல வச்சுப் பார்த்தா மட்டும் போதாது, ஹெல்மெட்டுக்குப் போற ஹோஸ் முனையில அளக்கணும். சென்சார் மேல காற்றை நேரா பீய்ச்சாதீங்க. ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள்ள மீட்டரைப் போட்டு, ஹோஸ் முனையையும் உள்ளே விட்டு, பை வாயைத் தளர்வா பிடிச்சுக்கிட்டு வால்வை லேசா திறங்க. பை உப்பி, உள்ளே இருந்த பழைய காற்று வெளியேறினதும் படிங்க. ஈபி கரண்ட்ல ஒருமுறை, டிஜி ஓடும்போது ஒருமுறை. கம்ப்ரஸர் சூடேறின பிறகு எடுங்க.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவோட விதி 1910.134 கேட்கிற கிரேட் டி தர சுவாசக் காற்றுக்கு மோனாக்சைடு 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 10 பங்கு) உச்சம். எண்ணெய் ஒரு கனமீட்டருக்கு 5 மில்லிகிராம், கார்பன் டையாக்சைடு 1000 பிபிஎம். ஐரோப்பாவோட சுவாசக் காற்றுத் தரவிதி இஎன் 12021 இன்னும் கறார், மோனாக்சைடு 5 பிபிஎம்தான்.

ஜூரோங் ரிட்டர்ன்:

காற்று பத்தலைங்கிறதுக்கு யாரும் பதில் சொல்லலையே. கம்ப்ரஸர் கேஜ்ல 7 பார் இருந்தா அது கம்ப்ரஸருக்கு நல்லது, ஹெல்மெட் போட்டவருக்கு அதனால ஒண்ணும் தெரியாது. ஹோஸ் மாட்டுற இடத்துல, ரெண்டு ஹெல்மெட்டும் மாட்டி, நாசிலும் ஓடும்போது கேஜைப் பாருங்க. 3/8 அங்குல நாசில் 100 பிஎஸ்ஐ-ல (கிட்டத்தட்ட அதே 7 பார்) நிமிஷத்துக்கு 200 கன அடிக்குக் கிட்ட காற்றைக் குடிக்கும். ஹூடு மாதிரி ஹெல்மெட்டுக்கு வேண்டியது குறைஞ்சது 6 கன அடி. பெரிய மீன் திறந்ததும் சின்ன மீனுக்குப் பட்டினி. ஹெல்மெட் லைனை மெயின் ஹெடர்ல (பெரிய தாய்க் குழாய்) இருந்து தனியா இழுங்க, பிளாஸ்டிங் பாட், அதாவது துகள் நிரப்புற கலம், அதுக்குப் போற குழாய்ல டி வடிவ இணைப்பு போட்டு எடுக்காதீங்க.

ஹெல்மெட் கையேட்டுல ஒரு அட்டவணை இருக்கும்: இத்தனை அடி ஹோஸ், இத்தனை துண்டு, அதுக்கு இத்தனை பிஎஸ்ஐ. அந்தக் கணக்கு அந்தக் கம்பெனி ஹோஸுக்கு மட்டும்தான். சுவாசக் கருவிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அமெரிக்க அமைப்பு நியோஷ், அதோட அங்கீகாரத்துல ஹோஸ் மொத்த நீளம் 300 அடியைத் தாண்டக்கூடாது, மாட்டுற இடத்துல அழுத்தம் 125 பிஎஸ்ஐ-யைத் தாண்டக்கூடாது. நீங்க சேர்த்த வெல்டிங் ஹோஸ் துண்டு உள்விட்டம் சின்னது, அதனால அங்கேயே அழுத்தம் விழும். ரப்பர் வாடையும் காற்றுல ஏறும். அதைக் கழட்டிக் குப்பையில போடுங்க, இல்லைன்னா நாளைக்கு வேற யாராவது எடுத்து மாட்டுவாங்க.

சிங்கப்பூர் ஜூரோங்ல எங்க யார்டுல ஹெல்மெட் ஹோஸுக்குத் தனி நிறம், தனி கப்ளிங். வேற எந்த லைன்லயும் அது உட்காராது. அப்ப சலிச்சுக்கிட்டோம், எதுக்குடா இத்தனை தொல்லைன்னு.

மணலி பராமரிப்பு:

தனி கப்ளிங் பத்தி நானும் சொல்றேன். எங்க பக்கம் ஆலைக்காற்று, நைட்ரஜன் ரெண்டுக்கும் அதே நகக் கப்ளிங்தான், எதை எதுல வேணும்னாலும் மாட்டலாம். குழாய்ல அடிச்ச பெயிண்ட் நிறம் வெயில்ல வெளுத்திருக்கும். ஹெல்மெட் ஹோஸை நைட்ரஜன்ல மாட்டினா மூச்சு முட்டாது. மூச்சு முட்டுறது உடம்புல கார்பன் டையாக்சைடு தேங்குறதாலதான். நைட்ரஜனை இழுக்கிற ஆள் அதைச் சாதாரணமா வெளியே விட்டுக்கிட்டே இருப்பார். ரெண்டு மூணு மூச்சுல சாய்ஞ்சிடுவார். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2003-ல வெளியிட்ட அறிக்கையில, 1992-ல இருந்து 2002 வரைக்கும் அந்த நாட்டுல நைட்ரஜன் மூச்சுத்திணறலால 80 பேர் செத்ததா கணக்கு இருக்கு. உங்க யூனிட்ல நைட்ரஜன் இல்லைன்னா சந்தோஷம். ஆர்கான் லைன் இருக்குமே, டிக் வெல்டிங்குக்கு?

துவாக்குடி சூப்பர்வைசர்:

ஆர்கான் லைன் இருக்கு. கப்ளிங் வேறதான், இப்பதான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

மீட்டர் கிடைச்சது. ஈபி கரண்ட்ல பை உப்பின பிறகும் 1 தாண்டலை. ஷட்டவுன் நாள்ல டிஜி போட்டோம். முதல்ல 4, 5-னு நின்னது, அப்புறம் ஏற ஆரம்பிச்சு 60-ஐத் தாண்டிடுச்சு. மீட்டர் கத்துறதைக் கேட்டு ஆட்கள் எல்லாம் வந்துட்டாங்க. டிஜி சைலன்சருக்குக் கீழே மடிப்பு மடிப்பா ஒரு குழாய் இருக்கே, பெல்லோஸ், அதுல ஒரு மடிப்பு வெடிச்சிருக்கு. எதிர்ச் சுவர்ல கருப்பா விசிறி மாதிரி கரி. அந்த விசிறியிலிருந்து கம்ப்ரஸர் காற்று உறிஞ்சுற ஜாலி (சல்லடைத் தட்டி) ரெண்டு கை நீளம்தான். சீனியர்கிட்ட கேட்டா, ஆமாம், கரண்ட் போற நாள்லதான் வலிக்குதுங்கிறார். இத்தனை நாள் சொல்லலையான்னா, யாரும் கேட்கலையேங்கிறார்.

மேனேஜர் பெல்லோஸ் மாத்தச் சொல்லிட்டார். அது மாத்தினா போதுமா? இன்னொன்னு, அடுத்த வாரம் ஒரு டேங்க் உள்ளே எபாக்சி பெயிண்ட் அடிக்கணும். அதே ஹெல்மெட்டைப் போடலாமா?

ஸ்க்ரூ மெக்கானிக்:

போதாது. அடுத்த மடிப்பு எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்? உறிஞ்சுற வாயை ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோங்க, டிஜி புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கமா, லாரி நிக்காத இடமா, பெயிண்ட் பூத் எக்ஸ்ஹாஸ்ட் வீசாத உயரத்துல. குழாய் விட்டம் கம்ப்ரஸர் வாயைவிடச் சின்னதா போகக்கூடாது, வளைவு குறைச்சலா இருக்கணும், முனையில மழைத்தொப்பி. டிஜியைத் தனியா தடுத்துச் சுவர் எழுப்புங்க.

ஆயில் இல்லாத கம்ப்ரஸர் வாங்கிடலாம்னு யாராவது சொல்வாங்க. அது எண்ணெய் கருகுறதை மட்டும்தான் தவிர்க்கும். இதே ஷெட்டுல வச்சா இதே 60-ஐத்தான் கொடுக்கும்.

பேனல்ல ஒரு மோனாக்சைடு அலாரம் மாட்டுங்க, 10-ல கத்தணும், 5-ல வச்சா இன்னும் நல்லது. ஆனா பிளாஸ்டருக்கு நாசில் சத்தத்துல ஒண்ணும் கேட்காது. அதனால பாட் பக்கத்துல நிக்கிற ஆளுக்குக் கேட்கிற மாதிரி ஹாரனும் சுத்துற விளக்கும் வேணும். அவர் கையில பாட் காற்றை நிறுத்துற வால்வும் இருக்கணும். நாசில் ட்ரிகரைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தா இன்னிக்கே அவிழ்த்துடுங்க. ஃபில்டர் மாத்தின தேதியையும் மாத்தினவர் கையெழுத்தையும் ஒரு அட்டையில எழுதிப் பேனல்லேயே தொங்கவிடுங்க.

ஜூரோங் ரிட்டர்ன்:

டேங்க் வேலைக்கு அந்த ஹெல்மெட் வேண்டாம். அது தூசிக்கும் தெறிக்கிற துகளுக்கும் செஞ்சது. காற்று நின்னா உள்ளே இருக்கிறவருக்கு வேற வழி இல்லை. டேங்குக்குள்ள ஆக்சிஜன் குறைவா இருக்கிறதோ சால்வென்ட் ஆவி உயிருக்கே ஆபத்தான அளவுல சேர்றதோ நடக்கும்னா, முகம் முழுக்க மூடுற பிரஷர் டிமாண்ட் மாஸ்க் (உள்ளே எப்பவும் வெளியைவிடக் கூடுதல் அழுத்தம் இருக்கிறது) வேணும், இடுப்புல தப்பிக்கிறதுக்குச் சின்ன சிலிண்டரும் வேணும். ஏர் லைன் அறுந்தாலும் அந்த சிலிண்டர்ல வெளியே வந்துடலாம். முகத்துல ஒட்டுற மாஸ்க்குங்கிறதால தாடியை எடுக்கணும், இடுக்கு விடாம உட்காருதான்னு பார்க்கிற ஃபிட் டெஸ்ட்டும் பண்ணணும்.

மாஸ்க் மட்டும் எல்லாத்தையும் தீர்க்காது. எபாக்சி தின்னர் ஆவி தீப்பிடிக்கும், அதனால உள்ளே காற்றோட்டம், ஆவி தீப்பிடிக்கிற அளவை நெருங்குதான்னு காட்டுற எல்இஎல் மீட்டர், தீப்பொறி வராத விளக்கு எல்லாம் தனியா பார்க்கணும். மேன்ஹோல்ல ஒரு ஆள் நகராம நிக்கணும், அவர் மாஸ்க் இல்லாம உள்ளே குதிக்கவே கூடாது. காப்பாத்தப் போய் செத்தவங்க நிறைய பேர். 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட 36-ஆம் பிரிவே தகுதியுள்ளவர் சோதிச்சுக் கொடுத்த எழுத்துச் சான்று, இல்லைன்னா சுவாசக் கருவியும் கயிறு கட்டின பெல்ட்டும் வேணும்னு கேட்டிருந்துச்சு. இது ஒண்ணும் வெளிநாட்டு ஆடம்பரம் இல்லைன்னு மேனேஜர்கிட்ட காட்டுங்க.

துவாக்குடி சூப்பர்வைசர்:

டேங்க் வேலையை இப்போதைக்குத் தள்ளி வச்சிருக்கோம், அதுக்குக் கருவியோட வர ஒரு காண்ட்ராக்டர்கிட்ட விலை கேட்டிருக்கு. உறிஞ்சுற குழாய் வெளியே போட ஆள் வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டாங்க. அலாரம் ஆர்டர் போயாச்சு. அது வந்து மாட்டினதும் லைனைத் திறக்கலாமா?

ஸ்க்ரூ மெக்கானிக்:

அலாரத்தை முதல்ல அளவு தெரிஞ்ச சோதனை கேஸ் விட்டுக் கத்த வைங்க, கத்தாத அலாரம் நிறைய பார்த்திருக்கேன். அப்புறம் டிஜியை ஓட விட்டு, காற்று டிஜி பக்கமிருந்து உறிஞ்சுற வாய்ப்பக்கம் வீசுற நேரமா பார்த்து, ஹோஸ் முனையில மறுபடி பை கட்டி அளங்க. கம்ப்ரஸர் நல்லா சூடேறி அரை மணி நேரமாவது ஓடட்டும். அப்பவும் 5-க்குக் கீழே நின்னா ஹெல்மெட்டைக் கொடுங்க.

ஆலை டாக்டர்:

சீனியர் பிளாஸ்டருக்கு ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். இரண்டாவது ஆளையும் கேளுங்கள், அவருக்கும் வலித்திருக்கும்.

துவாக்குடி சூப்பர்வைசர்:

கேட்டேன் டாக்டர். அவருக்கும் வலிச்சிருக்கு, காற்று கம்மியா வர்றதாலன்னு நினைச்சுக்கிட்டாராம். ரெண்டு பேரையும் நாளைக்குக் காலையில அனுப்புறேன்.