ஜனவரி வெயிலில் பீர் வாளியைக் குளிர்வித்த அனுபவங்கள்

சாட்ஸ்வர்த், டர்பன்:
எங்கள் தென்னாப்பிரிக்கக் கோடையான ஜனவரியில் பீர் காய்ச்சாதே என்று மாமா சொன்னதைக் கேட்காமல், பேல் ஏல் என்னும் பீர் வகையை 20 லிட்டர் வாளியில் நொதிக்கப் போட்டேன். வாளியை நான்கு விரல் ஆழத் தண்ணீரில் நிறுத்தி, பழைய சட்டையொன்றை நனைத்துப் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பிவிட்டேன். அறையில் 27 பாகை. இரண்டாம் நாள் இரவு வாளியைத் தொட்டபோது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டது போலிருந்தது. மனைவியை எழுப்பித் தொடச் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டை வெப்பமானி 30 காட்டியது. காவடி விரதம் முடிந்த பிறகே குடித்துப் பார்த்தோம். சூட்டில் நொதித்ததால் பெயின்ட் தின்னர் நெடி, இரண்டாவது குவளைக்கே தலைவலி.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்:
குற்றம் ஈரத்துணியின் மேல் இல்லை. சென்ற அக்டோபரில் 24 பாகை அறையில் அதே முறையில் என் வாளி 19இல் நின்றது. தண்ணீர் வாளியின் பாதி உயரத்துக்காவது இருக்க வேண்டும்; துணியின் நுனி அதில் தோய்ந்திருந்தால்தான் நீர் மேலேறும்; இரண்டு லிட்டர் பனிக்கட்டிப் புட்டிகளைக் காலையிலும் மாலையிலும் மாற்ற வேண்டும். ஈஸ்ட் தானே வெப்பத்தை வெளியிடுவதால், நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வாளியின் உள்ளே அறையைவிட மூன்று நான்கு பாகை கூடுதலாக இருக்கும். ஆகவே முதல் மூன்று நாள்களைக் காப்பாற்றினால் போதும், பிறகு சற்றுச் சூடேறினாலும் சுவை அவ்வளவாகக் கெடாது. ஈஸ்டைப் போடும் முன்பே, காய்ச்சிய மால்ட் சாற்றை 18 பாகைக்குக் கொண்டுவாருங்கள். சூடாகப் போட்டுவிட்டுப் பிறகு குளிர்விப்பது வீண் வேலை.

ஃபீனிக்ஸ், டர்பன்:
நான் பழைய ஃப்ரீசரில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி, 12 பாகையில் லாகர் (குளிரில் நொதிக்கும் பீர்) வைத்தேன். கருவியின் வெப்பம் அளக்கும் உணர்முனையைக் காற்றில் தொங்கவிட்டது என் தவறு: காற்று 12இல் இருக்க, பீர் 16இல் நொதித்துக்கொண்டிருந்தது. வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே பஞ்சு வைத்துக் கட்டிய பிறகே சரியாயிற்று. ஆனால் மறக்க முடியாதது 2023இன் மின்வெட்டு. நான்கு மணி நேரம் இருட்டில், மெழுகுவர்த்தியுடன் அரை மணிக்கொரு முறை மூடியைத் திறந்து பார்த்தேன். திறக்காமல் இருந்திருந்தால் அத்தனை லிட்டர் திரவம் ஒரு பாகைகூட ஏறியிருக்காது. குளிரை வெளியேற்றியவன் நானே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
நான் போராடுவதை விட்டுவிட்டேன். நார்வே நாட்டு க்வைக் ஈஸ்டு 35 பாகையிலும் தூய்மையாக நொதிக்கிறது. இப்போது வாளிக்குக் கம்பளி போர்த்துகிறேன். அம்மா என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

சாட்ஸ்வர்த், டர்பன்:
லெனேசியா அன்பருக்கு: நீங்கள் இருப்பது மேட்டுநிலத்தின் வறண்ட காற்றில், அதுவும் மழை பிடிக்கும் முன்பு. இங்கு ஜனவரியில் கொடியில் போட்ட துண்டே மறுநாள் வரை காய்வதில்லை. நீர் ஆவியாகாமல் துணி எப்படிக் குளிரும்? பனிக்கட்டிப் புட்டி யோசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.