ஓப்பன் வாட்டர் கார்டு மட்டும் வச்சுக் கப்பலடி சுரண்டப் போகலாமா?

முயல்தீவு_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே. ஊரு தூத்துக்குடி, வயசு 24. போன வருஷம் பாண்டிச்சேரில பேடி ஓப்பன் வாட்டர்னு ஆரம்ப ஸ்கூபா கோர்ஸ் முடிச்சேன். கூட்டாளி ஒருத்தன், "கப்பலடில ஒட்டுற பாசி, சிப்பியெல்லாம் சுரண்ட ஆள் கேக்காங்க, நாளைக்கு 3,000, டேங்க் அவங்களே குடுப்பாங்க"ன்னு சொல்லுதான். கிளம்பிரவா, இல்ல கமர்ஷியல் டைவிங் கோர்ஸ் முடிச்சிட்டுத்தான் போகணுமா?

ஆழி78:
போகாத. அந்தக் கார்டு 18 மீட்டருக்குள்ள துணையோட மீன் பாக்கறதுக்கு. பத்து வயசுப் பிள்ளைக்கே அதோட ஜூனியர் கார்டு தர்றாங்க. சிங்கப்பூர்ல 11 வருஷமா இதே வேலைல இருக்கேன். பெரிய கப்பலோட அடி தட்டையா இருக்கும். நடுவுல நிக்கும்போது உன் தலைக்கு மேல வானம் கிடையாது, இரும்புதான். காத்து தீர்ந்தா நேரா மேல வர முடியாது, ஓரம் எந்தப் பக்கம்னு கலங்கல் தண்ணில தெரியாது. அதுக்குத்தான் மேலேருந்து ஹோஸ்ல காத்து, ஹெல்மெட்ல பேச்சு, முதுகுல அவசர சிலிண்டர், மேல உடுப்பு மாட்டித் தயாரா இன்னொரு டைவர். இதுல எது தர்றாங்கன்னு உன் கூட்டாளிகிட்ட கேட்டியா?

சங்குக்காரர்:
பையனைப் பயங்காட்டாதேயும்வே. 26 வருஷம் சங்கு குளிச்சவன் நான். கார்டும் கிடையாது, ஹெல்மெட்டும் கிடையாது. வள்ளத்துல கம்ப்ரசர், வாயில டியூப், பத்துப் பாகம், அதாவது அறுபது அடி தண்ணி. உங்க கோர்ஸ்காரன் உடுப்பு மாட்டி முடிக்கதுக்குள்ள எங்க ஆளு எட்டுச் சங்கு எடுத்துருவான். லட்சக்கணக்குல காசு கட்டிட்டு வேலை கிடைக்காம வீட்டுல உக்காந்திருக்கவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும்.

கொச்சி_பாய்மரம்:
ரெண்டு பேரும் கப்பலையே பேசுறீங்க. யாட்லேருந்து ஆரம்பிக்கலாமே? 40 அடி பாய்மரப் படகுன்னா அடில துருத்திட்டு இருக்கற கீல் நுனி வரைக்கும் ரெண்டு மீட்டர் சொச்சம்தான் ஆழம். நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன். முதல் படகுல இரும்பு ஸ்கிரேப்பர் எடுத்து மும்முரமா தேச்சேன். ஓடு மாதிரி ஒட்டியிருந்த கொட்டலசு போச்சு, கூடவே செவப்பா ஒரு புகை கிளம்பிச்சு. புகை இல்ல, இதெல்லாம் ஒட்டாம இருக்க ஓனர் காசு குடுத்து அடிச்ச செம்புப் பெயிண்ட். நிறையப் பெயிண்ட் தானா கொஞ்சம் கொஞ்சமா கரையுற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க, அழுத்தித் தேச்சா ஆறு மாசப் பெயிண்ட் ஒரே நாள்ல போயிடும். இப்ப பாசிக்கு மெத்துனு ஒரு பேட், கொட்டலசுக்குப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், அவ்வளவுதான். படகோட உலோகம் அரிக்காம இருக்க மாட்டுற ஜிங்க் கட்டி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்து போட்டோ எடுத்துக் குடுப்பேன். அதைப் பாத்துத்தான் அடுத்த மாசமும் கூப்பிடுவாங்க. ஒண்ணு மட்டும் மறக்காத: இறங்குறதுக்கு முன்னாடி இன்ஜின் சாவி உன் பையில இருக்கணும். ஓனர் "நான் பாத்துக்கறேன்"னு சொன்னாலும் குடுக்காத.

ஆழி78:
சாவி விஷயம் சரி. ஆனா இந்தியாவுல யாட் நிறுத்தற மரினாவை விரல் விட்டு எண்ணிடலாம், அதை நம்பி எத்தனை பேர் பிழைக்க முடியும்? ரெண்டு மீட்டர்னு லேசாவும் சொல்லாதீங்க. மூச்சை அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிய அந்த ஆழமே போதும்.

சங்குக்காரரே, உங்க அனுபவத்தைக் குறை சொல்லல. கம்ப்ரசர் காத்தை எங்கேருந்து இழுக்குதுன்னு உங்க வள்ளத்துல யாராச்சும் பாத்தாங்களா? பக்கத்துலயே டீசல் புகை.

சங்குக்காரர்:
புகை நாத்தம் அடிச்சா மேல வந்துருவோம். இது தெரியாதா?

ஆழி78:
ஆளைக் கொல்ற கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமே கிடையாது அண்ணாச்சி.

சங்குக்காரர்:
சரிவே, அது உம்ம பக்கம். இடுப்பு மூட்டு தேஞ்சுபோயி நானும்தான் கம்பு ஊணி நடக்கேன், ஒத்துக்கிடுதேன். ஆனா அது பத்துப் பாகத்துல நாள் பூரா இறங்கி ஏறினதுக்கு வந்த வினை. கப்பலடி என்ன ஆழம்? அஞ்சாறு பாகம் இருக்குமா? அதுக்கு எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்?

ஆழி78:
ஆழத்துல உடம்புல கரையுற நைட்ரஜன் கணக்குல நீங்க சொல்றது பெரும்பாலும் சரிதான். அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி 40 அடில 163 நிமிஷம் வரைக்கும் இருந்துட்டு நிறுத்தமில்லாம மேல வரலாம். கப்பலடில ஆளை எடுக்கறது ஆழம் இல்ல. கடல் தண்ணி உறிஞ்சற வாய் ஒண்ணு திறந்திருந்தா கையோ ஹோஸோ ஒட்டிக்கும், பம்பை நிறுத்தற வரைக்கும் நாலு பேர் சேந்து இழுத்தாலும் வராது. புரொப்பல்லர் திரும்பாம பூட்டியாச்சுன்னு இன்ஜின் ரூம்ல எழுதி வாங்கணும், கீழ டைவர் இருக்கான்னு காட்டற ஆல்ஃபா கொடி ஏத்தணும். இதையெல்லாம் சூப்பர்வைசர்தான் செய்வார். மூழ்கறவன் தனக்குத்தானே செஞ்சுக்க முடியாது. தம்பி, ஆஸ்திரேலியாவோட டைவர் சான்றிதழ் ஏடிஏஎஸ் பார்ட் 3 மாதிரி மேல்காத்துக் கோர்ஸ், 50 மீட்டர் வரைக்கும் செல்லும், அதை நோக்கிப் போ. பணம் இல்லேன்னா முதல்ல டெண்டரா சேரு. மேல நின்னு ஹோஸ் பிடிக்கற வேலை. நான் ஒரு வருஷத்துக்கு மேல அதைத்தான் செஞ்சேன்.

கொச்சி_பாய்மரம்:
டெண்டர் சம்பளத்துல கோர்ஸ் பணம் சேக்கறதுக்குள்ள அவனுக்குக் கல்யாணமே ஆயிடும்.

கடல்குருவி:
நான் சிங்கப்பூர்ல வேற வேலைல இருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும் யாட் சுரண்டலாமா?

ஆழி78:
ஒர்க் பெர்மிட்ல இருந்தா கூடாது. வேற இடத்துல சம்பளம் வாங்கினா பெர்மிட்டே போயிடும். அதைத் தனியாப் பேசுவோம்.

முயல்தீவு_பையன்:
கூட்டாளிகிட்ட கேட்டுட்டேன். ஹோஸ் கிடையாது, டேங்க்தான். மேல யாரு நிப்பான்னா "வள்ளக்காரர் நிப்பாரு"ன்னான். இன்னொரு டைவர்? "நீதானல டைவரு." ஆல்ஃபா கொடின்னதும் "எந்தக் கட்சிக் கொடி?"ன்னு கேக்கான். நாளைக்குக் காலைல 6 மணிக்கு வரச் சொல்லிருக்காங்க, போகல. கொச்சி அண்ணே, ஒரு வாரம் உங்க கூட வந்து படகு மேல நிக்கட்டா? சாப்பாடு போட்டா போதும்.

கொச்சி_பாய்மரம்:
வா. கையுறை கொண்டு வா, கொட்டலசு பிளேடு மாதிரி கிழிச்சிடும்.

சங்குக்காரர்:
ஏல தம்பி, அந்த வள்ளக்காரர் பேரு என்னன்னு மட்டும் தனியாச் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா நானே ஒரு வார்த்தை கேக்கேன்.