கணவர் இன்னும் சர்வீஸில்: மகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் போகவில்லை, மகனின் கல்விப்படியும் ரிஜெக்ட். வழி சொல்லுங்கள்

ஆவடி கலை:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமெண்ட். இப்போது வடக்கே போஸ்டிங். நானும் பிள்ளைகளும் ஆவடியில் இருக்கிறோம். வரும் மார்ச் கடைசியில் அவருக்கு ஓய்வு.

மகளுக்குக் கவுன்சலிங்கில் சீட் கிடைத்து, ஆகஸ்டில் பி.இ. முதல் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். பிளஸ் டூவில் 88 சதவீதம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். அந்தச் சான்றிதழ் வாங்கியதால் டியூஷன் கட்டணத்தில் சலுகை கிடைத்துவிட்டது. ஆனாலும் மற்ற கட்டணங்கள், கல்லூரிப் பஸ், லேப்டாப் என்று கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது. அடுத்த ஆண்டுக் கட்டணத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பிரதமர் கல்வி உதவித்தொகை பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று கேள்விப்பட்டுக் கேந்திரிய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பு) இணையதளத்தில் விண்ணப்பிக்கப் போனேன். அதில் டிஸ்சார்ஜ் தேதியும் டிஸ்சார்ஜ் புத்தகமும் கேட்கிறது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. பிரவுசிங் சென்டரில் இருந்த தம்பி, "மார்ச் மாதத் தேதியைப் போட்டுவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. மகன் ஏழாம் வகுப்பு. பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்காகச் சம்பளத்தோடு தரும் கல்விப்படி, அவனுக்குப் போன கல்வி ஆண்டுக்கானது இன்னும் வரவில்லை. கணவர் ஹம்ராஸ் ஆப்பில் (ராணுவத்தினர் சம்பள விவரம் பார்க்கும் ஆப்) பார்த்தால் ரிஜெக்ட் என்று இருக்கிறதாம். யூனிட் ஆபீஸில் "ஸ்கூல் சர்டிபிகேட் சரியில்லை" என்று மட்டும் சொன்னார்கள். பள்ளியில் கேட்டால் "நாங்கள் எல்லோருக்கும் இப்படித்தான் தருகிறோம்" என்கிறார்கள். நான் எங்கே போய்க் கேட்பது?

பல்லாவரம் ராஜா:

சகோதரி, தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் இருக்கிறது, சி.டி.ஏ. என்பார்கள். சம்பளம், படி எல்லாம் அங்கேதானே? நேரில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

பழைய ஹெட் கிளார்க்:

ராஜா தம்பி நல்ல எண்ணத்தில் சொல்கிறார். ஆனால் தங்கச்சி, நீங்கள் தேனாம்பேட்டைக்கு அலைய வேண்டாம். ஜவான், ஹவில்தார், ஜே.சி.ஓ. எல்லோருடைய சம்பளக் கணக்கும் அவரவர் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸோடு இருக்கும் பி.ஏ.ஓ.வில்தான், அதாவது சம்பளக் கணக்கு அலுவலகத்தில்தான், நடக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில் உள்ள வெலிங்டன். குடும்பம் எந்த ஊரில் இருந்தாலும், கணவர் எங்கே போஸ்டிங்கில் இருந்தாலும் கணக்கு அங்கேதான். அந்தக் கணக்குக்குள் ஒரு காகிதம் போக வேண்டுமானால் யூனிட் ஆபீஸ் பார்ட் டூ ஆர்டர் (வீரரின் குடும்ப, சம்பள விவர மாற்றங்களைப் பதியும் உத்தரவு) போட வேண்டும். வேறு வழி கிடையாது. நான் யூனிட் ஆபீஸிலேயே சர்வீஸை முடித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பிரதமர் உதவித்தொகை. இது முன்னாள் படைவீரர், முன்னாள் கடலோரக் காவல் படையினர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் உரியது. சர்வீஸில் இருப்பவர் பிள்ளைக்கு இல்லை. படிவம் டிஸ்சார்ஜ் தேதி கேட்பது அதற்காகத்தான். வராத தேதியை எழுதவே எழுதாதீர்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விண்ணப்பத்தை மேலே அனுப்பும். பொய்த் தேதி அங்கேயே மாட்டும். ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது உங்கள் கணவர் சர்வீஸில் ஒரு கறை விழ வேண்டுமா?

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். வருத்தத்தோடுதான் சொல்கிறேன், மகளுக்கு அப்போதும் கிடைக்காது. முதல் ஆண்டு படிக்கும்போது மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். டிப்ளமா முடித்து நேரே இரண்டாம் ஆண்டு சேருகிறவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, அது உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அப்பா மார்ச்சில் வெளியே வரும்போது அவள் இரண்டாம் ஆண்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். இந்த இடைவெளியில் விழும் பிள்ளைகள் நிறைய. விதி மாற வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் இன்றைக்கு விதி அப்படி.

மகனுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அவன் கல்லூரிக்குப் போகும்போது அப்பா முன்னாள் படைவீரர். பிளஸ் டூவில் குறைந்தது 60 சதவீதம் எடுத்து, பட்டியலில் உள்ள தொழிற்படிப்பில் சேர்ந்தால் முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு மாதம் 2,500. விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைக்காது. நாடு முழுக்க ஆண்டுக்கு 5,500 பேர்தான், முன்னுரிமைப் பிரிவையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போது கல்விப்படிக்கு வருகிறேன். இதுதான் உங்களுக்கு உடனே வர வேண்டிய காசு. 2024 ஜனவரி 1 முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 33,750. பிளஸ் டூ வரைக்கும்தான், ஆகவே மகளுக்கு இனி கிடையாது. மகனுக்கு முழுசாக உண்டு. அந்தச் சர்டிபிகேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வார்த்தை மாறாமல் இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் நான் காரணம் சொல்ல முடியாது.

ஆவடி கலை:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. பொய்த் தேதி போடவில்லை, அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன்.

சர்டிபிகேட் ஆங்கிலத்தில் இருக்கிறது. மகன் பெயர், அப்பா பெயர், "இந்தப் பள்ளியில் 7-ஆம் வகுப்பு ஏ பிரிவில் படித்துக்கொண்டிருக்கிறான்" என்ற ஒரே வரி, கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, சீல். அவ்வளவுதான்.

இன்னொன்றும் இப்போதுதான் கவனித்தேன். மகன் பெயர் கார்த்திக். பள்ளியில் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து கே மட்டும். கணவரிடம் ராணுவ ரெக்கார்டைப் பார்க்கச் சொன்னேன். அதில் சி.கே. என்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் பள்ளியில் இருப்பது போலத்தான்.

பழைய ஹெட் கிளார்க்:

சரி, இரண்டு சிக்கலும் தெரிந்துவிட்டது.

நீங்கள் கேட்பது போன கல்வி ஆண்டுக்கான படி. போன ஆண்டு அவன் ஆறாம் வகுப்பு. சர்டிபிகேட்டோ இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு படிப்பதைச் சொல்கிறது. கணக்குப் பார்ப்பவர் திருப்பி அனுப்பத்தான் செய்வார். "2024-25 கல்வி ஆண்டில் இந்தப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு படித்தான்" என்று முடிந்துபோன ஆண்டைச் சொல்லி எழுதித் தர வேண்டும். பள்ளி எந்த வாரியத்தின் அங்கீகாரம் பெற்றது என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வாசகத்தை நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளி ஆபீஸில் இருப்பவர்களுக்கு ஆயிரம் வேலை, கையில் வாசகம் இருந்தால் அப்படியே லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒருவேளை தர மறுத்தாலும் அந்த ஆண்டு ரிப்போர்ட் கார்டையோ கட்டண ரசீதையோ கணவர் கையெழுத்திட்டு வைக்கலாம், விதியில் இடம் இருக்கிறது.

பெயர் விஷயம் இதைவிடப் பெரியது. பிள்ளை பிறந்தபோது யூனிட்டில் யாரோ எழுதிய எழுத்து அப்படியே ரெக்கார்டில் நிற்கிறது. பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒன்றாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பிறப்புச் சான்றிதழ் நகலை அனுப்பி, பெயர் திருத்தத்துக்குப் பார்ட் டூ ஆர்டர் போடச் சொல்லுங்கள். அது ஏறிய பிறகு கல்விப்படிக்கான ஆர்டர். வரிசை மாறக் கூடாது.

இதை மார்ச்சுக்குள் முடித்தே ஆக வேண்டும். ஓய்வின்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் குடும்ப விவரம் ரெக்கார்டில் உள்ளபடிதான் ஏறும். அதில் சி.கே. என்று ஏறிவிட்டால், நாளைக்கு மகனின் உதவித்தொகை, சார்ந்தோர் சான்றிதழ், எதற்குப் போனாலும் இந்த ஓரெழுத்து குறுக்கே வந்து நிற்கும். அப்புறம் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தபாலில் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். சர்வீஸில் இருக்கும்போது கம்பெனி கிளார்க் முன்னால் நின்று முடிக்கிற வேலை இது.

இன்னொரு நல்ல சேதி. கல்வி ஆண்டின் நடுவில் ஓய்வு பெற்றாலும் அந்தக் கல்வி ஆண்டு முடியும் வரை கல்விப்படி உண்டு. ஆகவே இந்த ஆண்டுப் படியையும் விட்டுவிடாதீர்கள்.

தாம்பரம் ஏர்போர்ஸ் மனைவி:

கலை அக்கா, ஒன்று விட்டுப்போகிறது. சர்வீஸில் இருப்பவர்களின் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முப்படைகளின் நல நிதிகளிலிருந்தே உதவித்தொகை உண்டு. எங்களுக்கு விமானப்படை நலச் சங்கம் வழியாக வருகிறது. கடற்படைக்காரர்களுக்கும் அவர்களுடைய நலச் சங்கம் இருக்கிறது. ராணுவத்தில் ரெஜிமெண்ட் நல நிதியை முதலில் கேளுங்கள். அறிவிப்பு யூனிட்டுக்குத்தான் வரும். வீட்டில் இருக்கும் நமக்குக் கடைசித் தேதி முடிந்த பிறகுதான் தெரிய வரும். மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட், கல்லூரி போனபைடு, கட்டண ரசீது மூன்றையும் ஸ்கேன் எடுத்துக் கணவர் போனில் வைத்துவிடுங்கள். அறிவிப்பு வந்த அன்றே அவர் கொடுத்துவிடலாம்.

வங்கி ஊழியர், அம்பத்தூர்:

அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குக் கல்விக்கடன் யோசித்தால்: 7.5 லட்சம் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாக இருந்தால் போதும். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மகளின் கல்லூரி பி.எம். வித்யாலட்சுமி (மத்திய அரசின் கல்விக்கடன் திட்டம்) பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் அந்தக் காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கணவரின் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள், சம்பளமும் பிறகு பென்ஷனும் அங்கேயே வருவதால் பேச்சு சுலபம்.

பழைய ஹெட் கிளார்க்:

தம்பி சொன்னது சரி. ஆனால் கடனுக்குப் போகுமுன் ஏ.எஃப்.பி.பி. நிதியை, அதாவது படைவீரர் வருங்கால வைப்பு நிதியைப் பாருங்கள் தங்கச்சி. கணவர் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து வைத்த பணம். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு அதிலிருந்து எடுக்க வழி இருக்கிறது. அட்வான்ஸ் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும், வித்டிராயல் என்றால் வேண்டாம். விண்ணப்பத்தில் எது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த நிதிக்கு வரும் வட்டி 7.1 சதவீதம். கல்விக்கடன் வட்டி பெரும்பாலும் அதைவிட மேலே. சொந்தப் பணம் குறைந்த வட்டியில் கிடக்க, கூடுதல் வட்டிக்கு ஏன் வாங்குவது? என் கருத்து, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அதில் எடுங்கள். ஓய்வுப் பணம் வந்த பிறகும் போதவில்லை என்றால் மூன்றாம் ஆண்டுக்குக் கடன் வாங்கலாம். கணக்கு முடிக்கும் வேலை தொடங்குமுன் விண்ணப்பம் வெலிங்டன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அக்னிவீர் தம்பி:

அண்ணா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் அக்னிவீர், இரண்டாம் ஆண்டு. வீடு வியாசர்பாடி. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தேன். சர்வீஸில் இருந்துகொண்டே டிகிரி படிக்க உதவி உண்டா?

பழைய ஹெட் கிளார்க்:

உண்டு தம்பி. இக்னோவில் அக்னிவீர்களுக்கென்றே மூன்றாண்டுத் திறன் பட்டப்படிப்பு இருக்கிறது. பாதி கிரெடிட் உன் ராணுவப் பயிற்சிக்கே கிடைக்கும், மீதிப் பாதிக்குப் பாடம் எடுத்துப் படிக்க வேண்டும். யூனிட்டின் கல்விப் பிரிவு ஹவில்தாரிடம் போ, சேர்க்கைக்கு அவர் வழிகாட்டுவார். நான்கு ஆண்டு முடிந்ததும் வரும் சேவா நிதி கிட்டத்தட்ட 11.71 லட்சம், வருமான வரி இல்லை. அதை எதிலும் போடுவதற்கு முன் டிகிரியை முடித்துவிடு. தனிக் கேள்வியாகப் போட்டால் இன்னும் பலர் பதில் சொல்வார்கள்.

ஆவடி கலை:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

ஐயா சொன்ன வாசகத்தை எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அன்றே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழைக் கணவருக்கு அனுப்பினேன். பெயர் திருத்த ஆர்டர் ஏறிவிட்டது, ஆப்பிலேயே புதுப் பெயர் தெரிகிறது. இந்த மாதச் சம்பளச் சீட்டில் 33,750 வரவாகியிருக்கிறது. ஏ.எஃப்.பி.பி.க்கு வித்டிராயல் என்று தெளிவாக எழுதி விண்ணப்பம் போயிருக்கிறது. ரெஜிமெண்ட் நல நிதிக்கு இந்த ஆண்டு அறிவிப்பு இன்னும் வரவில்லை என்றார்கள், மகளின் காகிதங்கள் அவரிடம் தயாராக இருக்கின்றன.

ஒரே ஒரு கேள்வி ஐயா. ஏப்ரலுக்குப் பிறகு மகனுக்குக் கல்விப்படி நின்றுவிடும் அல்லவா? அப்போது வேறு எதுவும் இல்லையா?

பழைய ஹெட் கிளார்க்:

இருக்கிறது. ஹவில்தார் பதவி வரை ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள் இருவருக்குக் கேந்திரிய சைனிக் போர்டு வழியாகக் கல்வி மானியம் உண்டு. மாதம் 1,000 ஆக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு 2,000. ஒவ்வொரு வகுப்பும் முடித்த பிறகு அந்த மார்க் ஷீட்டோடு விண்ணப்பிப்பது. தமிழ்நாடு அரசின் தொகுப்பு நிதியிலும் கல்வி உதவி இருக்கிறது. இரண்டுக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு வேண்டும். கணவர் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, ஆதார் எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்து அடையாள அட்டை வாங்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் வாங்கும்போதே குடும்ப விவரப் பக்கத்தைத் திறந்து, மகன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.