ஃபான்ட்டில் சொந்த ஐகான் சேர்த்ததும் மோனோஸ்பேஸ் போய்விடுகிறது

கேள்வி: ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ என்ற கோடிங் ஃபான்ட்டில் 3 எஸ்விஜி (கோட்டு வடிவப் படக் கோப்பு) ஐகான்களை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் எடிட்டர் வழியாகச் சேர்த்தேன். டெர்மினலின் மோனோஸ்பேஸ் (எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்) பட்டியலில் இப்போது ஃபான்ட்டையே காணோம். வளைய ஐகானின் நடு ஓட்டையும் அடைபட்டுவிட்டது. ஏன்?

பதில் 1: அகலம்தான். புது கிளிஃபுக்கு (ஃபான்ட்டில் உள்ள ஒரு எழுத்து அல்லது குறியின் வடிவம்) ஃபான்ட்ஃபோர்ஜ் சில நேரம் எம் அளவையே (ஃபான்ட்டின் அடிப்படைக் கட்ட அளவு), அதாவது 1000-ஐ, அகலமாக வைத்துவிடும். அந்த ஃபான்ட்டில் மற்றவை எல்லாம் 600. ஒன்று மாறினாலும் ஏற்றுமதியின்போது 'நிலையான அகலம்' என்ற கொடி விழுந்துவிடும். முதலில் வடிவத்தை 600-க்குள் அடங்கச் சுருக்குங்கள். பிறகு மெட்ரிக்ஸ் மெனுவில் செட் விட்த் 600, அடுத்து சென்டர் இன் விட்த். ஃபிரா கோடு என்ற இன்னொரு கோடிங் ஃபான்ட்டுக்கு இதே எண்ணைப் போடாதீர்கள். அங்கே எம் 1950, அகலம் 1200.

பதில் 2: ஓட்டை அடைபடுவது கோட்டின் திசையால். வெளிக்கோடு கடிகாரச் சுற்றிலும் உள்கோடு எதிர்ச்சுற்றிலும் ஓட வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜில் முதலில் கரெக்ட் டைரக்‌ஷன். பிறகு ரிமூவ் ஓவர்லாப். வளையம் வெறும் ஸ்ட்ரோக்காக (தடிமன் கொடுத்த ஒற்றைக் கோடாக) வரையப்பட்டிருந்தால், இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளிலேயே ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பதில் 3: ஐகான்களை எந்த யூனிகோட் எண்ணில் வைத்தீர்கள்? யூனிகோடில் சொந்தக் குறிகளுக்கு ஒதுக்கிய தனிப்பயன் பகுதி பதின்ம எண்ணில் 57344 முதல் 63743 வரை. ஆனால் டெர்மினலில் பயன்படும் பவர்லைன், நெர்ட் ஃபான்ட்ஸ் ஐகான் தொகுப்புகளின் குறிகளும் அங்கேதான் குடியிருக்கின்றன. கடைசி எண் ஆப்பிள் லோகோவுக்குப் போய்விட்டது. காலியிடம் பார்த்து வையுங்கள். குடும்பப் பெயரையும் மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய ஃபான்ட்டோடு மோதும். லினக்ஸில் எஃப்சி-கேஷ் (ஃபான்ட் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டாமல் மாற்றம் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்: ஒரு ஐகான் மட்டும் 1000-இல் நின்றிருந்தது. 600 ஆக்கியதும் பட்டியலில் வந்துவிட்டது.